யார் கையில் அந்தப் பதிவு?



"கடைக்குள்ளே ஒரு கேமரா வையுங்கள். ரோட்டைப் பார்த்தும் ஒன்று வையுங்கள். ஊருக்குப் பாதுகாப்பு!" தமிழகம் முழுவதும் காவல்துறை வியாபாரிகளிடம் வைக்கும் கோரிக்கை இது. சென்னையில் 2017 முதல் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் இதுவே பெரிய இயக்கமாக நடந்தது. பெரும்பகுதிச் செலவு வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஏற்றுக்கொண்டது. தர்மபுரி நான்கு ரோட்டிலும், அரூர், பாலக்கோடு, பென்னாகரம் கடைவீதிகளிலும் இன்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் கேமரா.

கம்பத்தில் தொங்கும் கண்ணாடிக்கு மதமும் இல்லை, சாதியும் இல்லை. ஆனால் அது எடுத்த பதிவு ஒரு பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டியின் சாவி யாரிடம்? நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். பணம் கொடுத்தவர்கள் இதைக் கேட்டோமா?

மடியில் கனம்

உடனே ஒரு பதில் வரும். "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? தப்பு செய்யாதவன் ஏன் கேமராவுக்கு அஞ்ச வேண்டும்?"

நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் கனத்தைக் கொண்டுவந்து நம் மடியில் வைப்பவர் வேறொருவராக இருந்தால்?

2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். விசாரணை தொடங்குமுன்பே சமூக ஊடகங்களில் ஒரு முஸ்லிம் பெயரைக் கொலைகாரன் என்று பரப்பினார்கள். நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் கேமராவில் பதிவான உருவத்தை வைத்தே விசாரணை நகர்ந்தது. ஜூலை முதல் தேதி கைதானவர் முஸ்லிம் அல்லர். அவர் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துபோனதால் வழக்கு தீர்ப்பைக் காணவில்லை. ஆனால் ஒரு சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட பழி அந்தப் பதிவால் இறங்கியது. அந்தப் பதிவு மட்டும் இல்லாதிருந்தால்? சிந்தியுங்கள்!

எனவே, "கேமராவே வேண்டாம்" என்று நம்மில் சிலர் பேசுவது அறிவுடைமை ஆகாது. எளியவனுக்கும் சில நேரம் அது சாட்சி சொல்லும்.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

வணிகர்களே, 2020 ஜூனை மறந்துவிடாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜூன் 22, 23 தேதிகளில் இருவரும் பிணமானார்கள். தரையில் உருண்டு புரண்டு அவர்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று எழுதியது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடைக் கேமராவோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டியது!

அதே காவல் நிலையத்துக்குள்ளும் கேமராக்கள் இருந்தன. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் என்ன கண்டார்? பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 முதலான பதிவு எதுவும் இல்லை!

வியாபாரியின் பெட்டியில் இருந்த பதிவு உண்மை பேசியது. அதிகாரத்தின் பெட்டியில் இருந்த பதிவு ஊமையாகிவிட்டது. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

சாட்சியற்ற அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு நாம் தென்கோடிக்குப் போக வேண்டியதில்லை. நமது அரூர் வட்டத்து வாச்சாத்தி இருக்கிறது. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். முதலில் அந்தப் பெண்களின் சொல்லை நம்ப அரசு தயாராக இல்லை. தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழையின் சொல் அம்பலம் ஏற 19 ஆண்டுகள்!

பாதுகாப்பு என்ற பெயரில்

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 2010-இல் 218 கேமராக்கள் நிறுத்தப்பட்டன. அவற்றில் 72 மறைத்து வைக்கப்பட்டவை. தெருக் குற்றங்களைத் தடுக்கத்தான் என்றார்கள். பிறகு வெளிவந்த உண்மை என்ன? 30 லட்சம் பவுண்டு பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது! மக்கள் வாளெடுக்கவில்லை, கல்லெறியவில்லை. கூட்டம் போட்டார்கள், கேள்வி கேட்டார்கள். கேமராக்கள் பிளாஸ்டிக் பையால் மூடப்பட்டன. 2011-இல் கழற்றப்பட்டன.

நம் நாட்டில்? 2020 டெல்லிக் கலவரத்துக்குப் பின், முகத்தை அடையாளம் காணும் மென்பொருளால் 1,100 பேருக்கு மேல் கண்டறியப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மார்ச் 11 அன்று மக்களவையில் சொன்னார். அந்த மென்பொருளில் 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தமாகக் கொள்கிறோம் என்று டெல்லி காவல்துறை 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்தது. மிச்சம் 20 சதவீதத்தில் சிக்குபவன் யாருடைய பிள்ளை? தமிழகக் காவல்துறையும் 2021 முதல் இத்தகைய மென்பொருளை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே திருடர்கள் நுழைந்தார்கள். நம் முகத்தைக் காக்கிறோம் என்பவர்கள் தங்கள் பூட்டைக் காத்த லட்சணம் இது!

சட்டம் காக்கும் என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவில், பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குத் தந்துகொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. வேலி போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதை!

நாம் என்ன செய்வது?

வணிகர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடன் பத்து ரூபாய்க்குச் சிட்டை எழுதும் நாம், கேமராப் பெட்டியை மட்டும் வாய்வார்த்தைக்குத் தூக்கிக் கொடுக்கலாமா?

போலீஸ் பதிவு கேட்டால் மறுக்காதீர்கள். குற்றவாளி பிடிபட உதவுவது நம் கடமை. ஆனால் எழுத்தில் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு எழுத்துமூல உத்தரவுக்குத்தான் வழி சொல்கிறது. பெட்டியையே எடுத்துச் சென்றால் சாட்சிகள் கையெழுத்துடன் பட்டியல் வாங்குங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-ஆவது பிரிவு. கொடுப்பதற்கு முன் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், ஊரில் ஏதாவது நடந்தால் அன்றைக்கே சேமித்து வையுங்கள். கேமரா உங்கள் வாசலையும் ரோட்டையும் பார்க்கட்டும். அடுத்தவர் வீட்டுக் கதவையும், பெண்கள் உள்ளே போகும் வழியையும் பார்க்க வேண்டாம்.

இளைஞர்களே! கிடைத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுப் போவது போராட்டமாகாது. பேனாவை எடுங்கள். 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் என்ன சொன்னது? ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும். 18 மாதம், குறைந்தது ஓராண்டு பதிவு இருக்க வேண்டும். கண்காணிக்க மாவட்டக் குழு வேண்டும். பாதிக்கப்பட்டவர் பதிவைக் காக்கக் கோரும் உரிமையைச் சொல்லும் பலகை வாசலில் வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எத்தனை கேமரா ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலுத்திக் கேளுங்கள்!

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்வோம். கடைவீதியில் கேமரா வைக்கச் சொல்கிறீர்கள், வைக்கிறோம். அதை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதுங்கள். ஒரு தெருவுக்குப் பத்தும் அடுத்த தெருவுக்கு ஒன்றும் வைக்காதீர்கள். நாங்கள் ரோட்டில் நடப்பதை நீங்கள் பார்க்கலாம் என்றால், லாக்கப்பில் நீங்கள் நடந்துகொள்வதை நீதிமன்றம் பார்க்கட்டும்.

இரு பக்கமும் பார்க்கும் கண்ணே பாதுகாப்பு. ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது வேவு! பாதுகாப்புக்குப் பணம் தருவோம். வேவுக்கு ஒரு காசும் தர மாட்டோம்!