சட்டப்படிதான் இடித்தார்கள்!



கடாரம் வென்ற சோழனைப் பற்றி மேடையில் பேசினால் கைதட்டுகிறோம். அந்தக் கடாரம் நமது கெடாதான். ஆனால் கடாரத்து மன்னன் தமிழ் மண்ணில் கட்டிய புத்த விகாரம் என்ன ஆனது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். ராஜராஜ சோழன் சிவபக்தன். ஆனாலும் 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் புத்தப் பள்ளிக்கு எழுதி வைத்தான். அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன். 1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்தவனும் அதே ராஜேந்திரன்தான்! போர் முடிந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் விகாரத்தின் உரிமை மீண்டும் செப்பேட்டில் உறுதி செய்யப்பட்டது. சண்டை வேறு, சாசனம் வேறு என்று இருந்த காலம் அது.

பிறகு? நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்றது ஒரு செங்கல் கோபுரம். கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளம். 1867-இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு ஏசு சபையினர் அதை இடித்துத் தங்கள் கட்டடத்துக்கு இடம் செய்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல, முறைப்படி மனுப் போட்டு! இந்தியாவில் பழஞ்சின்னங்களைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது 1904-இல்தான்.

இது அந்தக் காலத்துக் கதை என்கிறீர்களா? 2013-இல் நம் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கில், 11-ஆம் எண் சண்டி தரைமட்டமானது. சொல்லப்பட்ட காரணம் என்ன? தனியார் நிலம். கெசட் செய்யப்படவில்லை. அவ்வளவுதான்! தோட்டத்துக் கோயிலைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

“அது புத்த விகாரம்தானே, நமக்கென்ன?” என்று கேட்காதீர்கள். ராஜராஜன் அப்படிக் கேட்கவில்லை. “நாங்கள்தான் இங்கே முதலில் வந்தோம்” என்று மார்தட்டவும் வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கு இந்த மண்ணின் மக்களும் கடல் கடந்து வந்தவர்களும் சேர்ந்து வளர்த்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் அனைவருக்கும் அது சொத்து. சேர்ந்து கேட்டால்தான் அரசாங்கத்தின் காதில் விழும்.

நமக்கு இன்று சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவித்துக் கெசட் செய்யலாம். மாநில அரசைத் தவிர்த்துவிட்டு அதைச் செய்ய முடியாது, ஏனெனில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே கூட்டரசும் மாநிலமும் ஒன்றையொன்று கைகாட்டித் தப்பித்துக்கொள்ள விடாதீர்கள்! தேசிய மரபுடைமையாக ஒன்றைப் பரிந்துரைக்க எந்த ஒரு நபருக்கும் அதே சட்டம் உரிமை தருகிறது. அதற்குப் பட்டம் தேவையில்லை, பதவி தேவையில்லை.

2023, 2024-ஆம் ஆண்டுகளில் கெடா, புக்கிட் சோராஸில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் பழம்பெரும் புத்தக் கட்டடத்தையும் சுதைச் சிலைகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். படம் பார்த்துப் பெருமைப்பட்டோம். பெருமை புல்டோசரைத் தடுக்காது. கெசட் தடுக்கும்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பூஜாங் பள்ளத்தாக்கில் எத்தனை சண்டிகள் கெசட்டில் உள்ளன, எத்தனை இல்லை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். செப்பேடு வெட்டிய இனம் நாம். வாய்ப்பேச்சை நம்பி வீடு திரும்பலாமா?