தண்ணீரில் கண்டம்

நண்பன் வீட்டு ஹாலில் புதிதாக ஒரு சாமுராய் வாள் தொங்குகிறது. ஆன்லைனில் வாங்கினானாம்.

"விளிம்புல அலை அலையா ஒரு கோடு ஓடுது பாருடா. அதான் ஒரிஜினலுக்கு அடையாளம்" என்றான்.

பார்த்தேன். கோடு அழகாகத்தான் இருந்தது. பிடிக்குப் பக்கத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றும் அழகாகப் பொறித்திருந்தது. அந்தக் கோடு ஆசிடில் வரைந்தது என்று சொல்லி அவன் மனசைப் புண்படுத்த விரும்பவில்லை. காபி இன்னும் வரவில்லை.

நிஜ வாளில் அந்தக் கோட்டை யாரும் வரைவதில்லை. அது தண்ணீரில் பிறக்கிறது. அல்லது அங்கேயே வாளின் ஆயுசு முடிந்துவிடுகிறது.

முதலில் எஃகு. பெயர் தாமஹாகனே. ஜப்பானில் ஷிமானே மாகாணத்தில், களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு எரித்து எடுக்கிறார்கள். நின்றுபோயிருந்த இந்த வேலையை 1977-ல் வாள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று மறுபடி தொடங்கி வைத்தது. அந்த எஃகைக் கொல்லர் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி காய்ச்சி அடிப்பார். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. நான் காமர்ஸ் ஆசாமி. கூட்டு வட்டி என்றால் காது நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிப்பாகிறது. 15 மடிப்பில் 32,768 அடுக்கு! இது அழகுக்கு மட்டுமில்லை. கசடு வெளியேறி, கார்பன் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதற்காக.

இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர வைத்தால் படு கெட்டியாகும். கூர்மை நிற்கும். ஆனால் கண்ணாடி மாதிரி, தட்டினால் போச்சு. மெதுவாக ஆறவிட்டால் மிருதுவாகும். உடையாது, ஆனால் நாலு வெட்டில் மழுங்கிவிடும். வாளுக்கு இரண்டு குணமும் வேண்டும், அதுவும் ஒரே துண்டு இரும்பில்.

ஜப்பானியக் கொல்லர்கள் கண்ட வழி, சேறு. களிமண்ணோடு கரித்தூளும் சாணைக்கல் தூளும் குழைத்து, வெட்டும் விளிம்பில் மெல்லிசாகவும் முதுகுப் பக்கம் கனமாகவும் பூசிக் காயவைப்பார்கள். பிறகு பட்டறையை இருட்டாக்கிவிடுவார்கள். இரும்பின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே! சுமார் 750, 800 டிகிரி. தெர்மாமீட்டர் எல்லாம் கொல்லரின் கண்தான். நிறம் வந்ததும், சர்ரென்று தண்ணீருக்குள்.

விளிம்பு நொடியில் குளிர்ந்து கெட்டியாகிறது. முதுகு சேற்றுக் கம்பளிக்குள் நிதானமாக ஆறி மிருதுவாகிறது. இரண்டும் சந்திக்கிற எல்லைதான் அந்த அலைக்கோடு. அதை 'ஹாமோன்' என்கிறார்கள். மெருகு போடுகிறவர் கல்லில் தேய்த்த பிறகுதான் முழு அழகும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. சாமுராய் வாளின் வளைவு முழுக்கச் சுத்தியலால் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கெட்டியான எஃகு முன்னைவிட அதிக இடம் கேட்கும். விளிம்பு விரிய, முதுகு விட்டுக்கொடுக்க, வாள் தண்ணீருக்குள்ளேயே பின்பக்கமாக வளைகிறது.

இந்த இழுபறியில்தான் கண்டம். சூடு கொஞ்சம் கூடினாலோ, சேறு எங்காவது பெயர்ந்தாலோ, விளிம்பில் 'டிங்' என்று ஒரு விரிசல். அவ்வளவுதான். மூன்று நாள் உலை, பதினைந்து மடிப்பு, இத்தனை நாள் வியர்வை எல்லாம் பழைய இரும்பு. ஒட்ட முடியாது. 'அன்டூ' பட்டன் கிடையாது. குருவிடம் ஐந்து வருஷமாவது இருந்தால்தான் ஜப்பானில் வாள் செய்ய லைசென்ஸ் என்பதில் ஆச்சரியமில்லை.

ஒரு பழைய கதை உண்டு. தண்ணீரின் சூடு எவ்வளவு என்று ரகசியமாகத் தெரிந்துகொள்ள, ஒரு சிஷ்யன் தொட்டிக்குள் கையை விட்டானாம். குரு அந்தக் கையையே வெட்டிவிட்டாராம். கதைதான். ஆனால் ஏன் அப்படி ஒரு கதை பிறந்தது என்று புரிகிறது.

கெட்டியான அந்த எஃகுக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் மார்ட்டென்சைட். ஜெர்மன்காரர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் (1850-1914) நினைவாக. 1300 வாக்கில் உலகப் புகழ் வாள்கள் செய்த மாசாமுனே இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்தது நிறம்.

தண்ணீரில் தப்பித்த வாளை அப்படியே விட்டுவிடுவதுமில்லை. மறுபடி 150, 200 டிகிரிக்கு மிதமாகச் சூடு காட்டுவார்கள். கெட்டித்தனத்தில் துளி குறையும். நொறுங்கும் குணமும் குறையும். எஃகுக்கும் பாகுக்கும் நாம் 'பதம்' என்று ஒரே வார்த்தை வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால் இரண்டும் காலி.

காபி வந்தது.

"என்னடா, வாளைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?" என்றான் நண்பன்.

"ரொம்பப் பத்திரமான வாள்டா. இதுக்குத் தண்ணில கண்டமே கிடையாது."

"அப்ப நல்லதுதானே?" என்றான் சந்தோஷமாக.

பேசாமல் காபியைக் குடித்தேன். நல்ல பதத்தில் இருந்தது.