மே தினம் யாருடையது?

மே தினம் ரஷ்யாவிலிருந்து வந்த கட்சிச் சடங்காம். உழைப்பை மதிக்க நமக்கு ஆயுத பூஜையே போதுமாம். இப்படி வாதிடுபவர்கள் ஆண்டுக் கணக்கையாவது பார்த்திருக்க வேண்டும். 1886 மே 1 அன்று 8 மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் அமெரிக்கத் தொழிலாளர்கள். சிகாகோவில் ரத்தம் சிந்தியது. மறு ஆண்டு நவம்பரில் தொழிலாளர் இயக்கத்தினர் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். ரஷ்யப் புரட்சிக்கு 30 ஆண்டு முந்திய கதை இது.

1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது, 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின் காயம் ஆறியிருக்கவில்லை. அந்த ஆலைத் தொழிலாளிக்கா இந்த நாள் அந்நியம்?

ஆயுத பூஜை எனக்கும் பிடித்த பண்டிகைதான். ஆனால் அன்று பொட்டு வைப்பது இயந்திரத்துக்கு. அதை ஓட்டுபவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்ற பேச்சே அங்கு எழாது.

அது முடிந்துபோன பேச்சும் அல்ல. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தது அவ்வாண்டு மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில்.