விசேஷ வீடுதான் சிறு விற்பனையாளரின் சந்தை

இணையத்தில் ஒரு கைவினைக் கடையோ, ஆர்டர் வந்த பிறகு அச்சிட்டு அனுப்பும் டி-ஷர்ட் கடையோ திறப்பது இன்று ஒரு பகல்பொழுதில் முடிந்துவிடுகிற காரியம். சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், வாடகை இல்லை. துணி, அச்சு, பொதி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்து, வாங்கியவர் வீட்டு வாசல்வரை அனுப்பித் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. தொடங்குவது எளிதாகிவிட்டதால் எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்தப் பொருளை விற்றால் லாபம் என்பதுதான். பதில் சொல்லும் காணொலிகளுக்கும் குறைவில்லை: ரெசின் நகை, வாசனை மெழுகுவர்த்தி, ஓவர்சைஸ்டு டி-ஷர்ட், பெயர் பொறித்த கப். அந்தக் கேள்வியே ஆளைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது என்பது என் கருத்து. வீட்டிலிருந்து தொழில் செய்ய நினைப்பவர் முதலில் தேட வேண்டியது, குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் வாங்கியே தீர வேண்டிய குடும்பத்தை. தமிழ்நாட்டில் அந்த நாள் பெரும்பாலும் ஒரு விசேஷ நாள்.

பொருளிலிருந்து தொடங்கினால் என்ன ஆகிறது என்பதற்கு நம் கண்முன்னே உதாரணங்கள் உண்டு. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் இந்தித் திணிப்புக்கு எதிரான வாசகங்கள் பொறித்த டி-ஷர்ட் அணிந்து படம் வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர்கள் குவிந்ததாகச் செய்தி வந்தது. அந்த வாசகம் யாருக்கும் சொந்தமில்லை. அச்சு இயந்திரம் வைத்திருந்த எவரும் அதை அச்சிடலாம். அலை எழுந்த வேகத்திலேயே போட்டியும் எழுந்தது, அலை அடங்கிய பிறகு அதையே நம்பிக் கடை போட்டவருக்கு விற்க வேறொன்றும் இல்லை. பாரதியார் முகமும் இதே கதைதான். அவர் படைப்புகள் 1949-லேயே அரசுடைமையாகிவிட்டதால் அவர் வரிகளை யாரும் அச்சிடலாம்; அதனாலேயே அந்த வரிகளும், கூடவே முண்டாசும் மீசையும் எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன, விலை குறைப்பவர் மட்டும் விற்கிறார். நடிகர் முகத்தையும் பஞ்ச் வசனத்தையும் அச்சிடலாம் என்றால் அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. தன் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2023 ஜனவரியில் ரஜினிகாந்த் தரப்பு பொது அறிவிப்பு வெளியிட்டது. அமிதாப் பச்சனின் பெயரையும் படத்தையும் அப்படிப் பயன்படுத்த 2022 நவம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆக, எல்லோருக்கும் பொதுவானதில் லாபம் நிற்பதில்லை, பிரபலத்துக்குச் சொந்தமானதில் உரிமை கிடைப்பதில்லை.

கணக்கு இன்னும் தெளிவாகப் பேசும். ஒரு டி-ஷர்ட்டை 499 ரூபாய்க்கு விற்கிறோம், துணிக்கும் அச்சுக்கும் 250, கூரியருக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 179. பத்து ஆர்டரில் இரண்டு, பணம் கொடுத்து வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தால், அந்த இரண்டுக்கும் துணி, அச்சு, போக வரக் கூரியர் சேர்த்து 780 ரூபாய் போகும். மீதி எட்டில் கிடைத்த 1,432-லிருந்து அதைக் கழித்தால் 652. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஆர்டருக்கு 50 ரூபாய் ஆனாலும் கடைசியில் மிஞ்சுவது 152 ரூபாய்தான். வடிவமைப்பவரின் உழைப்புக்கு இதில் கூலி போடவே இல்லை. இப்போது ஒரு கல்யாண வீட்டுக்கு மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்ட 150 தாம்பூலப் பைகளை எடுத்துக்கொள்வோம். பை ஒன்று 45 ரூபாய், அடக்கம் 27 என்றால் மொத்தம் 2,700 நிற்கும். பார்சல் செலவு 300 போக 2,400. ஒரே வடிவமைப்பு, ஒரே பொதி. பாதிப் பணம் முன்பணமாக வந்துவிடும், பெயர் அச்சான பையை யாரும் திருப்பி அனுப்புவதும் இல்லை. எண்கள் ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் எந்த ஊரிலும், ஒற்றை ஒற்றையாக முகம் தெரியாதவருக்கு விற்பதைவிட விசேஷ வீட்டுக்கு மொத்தமாகச் செய்து கொடுப்பது சிறு விற்பனையாளரைத் தாங்கும்.

இந்தச் சந்தை எவ்வளவு பெரியது என்பதை நாம் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை. வளைகாப்பு, பெயர் சூட்டல், முதல் பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், கல்யாணம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், நவராத்திரிக் கொலு. கிறிஸ்தவர் வீட்டில் முதல் நற்கருணை, இஸ்லாமியர் வீட்டில் நிக்காஹ். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை உண்டு, வருகிறவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்ற கடமை உண்டு. காதுகுத்துக்குத் தாய்மாமன், அத்தை, சித்தப்பா என்று உறவுமுறை அச்சிட்ட டி-ஷர்ட்டைக் குடும்பமே போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால், எந்த வீட்டில் எத்தனை மாமன் என்பது பெரிய தொழிற்சாலைக்கு முன்கூட்டியே தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்ன சாதிசனத்தில் சீர்த்தட்டு இப்படி வரும், இன்ன ஊரில் வளைகாப்புக்கு இத்தனை வகைச் சாதம் கட்டுவார்கள் என்ற விவரத்தோடு பொருள் செய்பவருக்கு அந்த அறிவே மூலதனம். செட்டிநாட்டுக் கொட்டானின் வரலாறு இதற்குச் சான்று. பனையோலையில் பின்னப்படும் இந்தக் கூடை நகரத்தார் வீட்டுச் சடங்குகளோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் வந்ததும் அருகியது. எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை காரைக்குடிப் பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி தந்து அதை மீட்டெடுத்தது, புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அது பரிசுப் பொருள் வைத்துக் கொடுக்கும் கூடையாகப் பல சமூகத்தாரின் கல்யாணங்களுக்கும் போகிறது. ஓலைக் கூடை என்ற அளவில் அதற்குப் போட்டி ஏராளம். விசேஷத்தோடு சேர்ந்த பிறகுதான் அதற்கு விலை கிடைத்தது.

சட்டமும் இப்போது உள்ளூர்ச் சந்தையிலிருந்து தொடங்குவதற்கே வழிவிடுகிறது. முன்பு ஆன்லைன் தளங்கள் வழியாகப் பொருள் விற்க எவ்வளவு சிறியவரும் ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால் முழுப் பதிவு தேவையில்லை, ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். தமிழ்நாட்டில் அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய். மாநில எல்லையைத் தாண்டிய விற்பனைக்கு இந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டுச் சந்தைதான் லாபம் என்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைவினைப் பொருட்களுக்குப் பெயர்போன எட்ஸி தளம், விற்பவருக்காக வெளி உற்பத்தியாளர்கள் பொருள் செய்து தருவதை 2013-லேயே அனுமதித்துவிட்டது. விற்பனைக் கட்டணத்தை 2018-ல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2022-ல் 6.5 ஆகவும் உயர்த்தியது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா நீக்கியபோது நம் அஞ்சல் துறையே அங்கே பொதி அனுப்புவதைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் வளைகாப்பு உண்டு, கொலு உண்டு, அவர்களுக்கு அனுப்புவது நல்ல வியாபாரமே. அதை இரண்டாம் படியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இவ்வளவு குறுக்கிக்கொண்டால் விற்பனையும் குறுகிவிடாதா என்று கேட்பார்கள். இணையம் வந்தால் சிறுசிறு ரசனைகளுக்கெல்லாம் சந்தை விரியும் என்று பத்திரிகையாசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் 2004-ல் எழுதினார். விற்பனை உண்மையில் மேலும் மேலும் சில வெற்றிப் பொருட்களிடமே குவிகிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் அனிதா எல்பர்ஸ் மறுத்தார். தளம் நடத்துபவருக்கு எல்பர்ஸ் சொல்வது முக்கியம். வீட்டிலிருந்து விற்பவருக்கோ வாரம் இரண்டு விசேஷ வீடு கிடைத்தாலே மாதம் கௌரவமாக ஓடிவிடும். அவருக்கு வெற்றிப் பொருள் தேவையே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்பது நியாயமான கவலை. ஆனால் அந்த வறண்ட மாதங்கள் எவை என்று பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆடியில் கொலுவுக்கான வேலையைத் தொடங்கலாம், மார்கழியில் தை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் பிடிக்கலாம். டி-ஷர்ட் அலை எப்போது ஓயும் என்று சொல்லும் பஞ்சாங்கம் எதுவும் இல்லை. பிறர் காப்பியடிப்பார்கள் என்பதும் உண்மை. வடிவமைப்பை ஒரே இரவில் காப்பியடிக்கலாம். போன விசேஷத்தில் சொன்ன தேதிக்குப் பை வந்து சேர்ந்தது என்று ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் சொல்வதைக் காப்பியடிக்க முடியாது. வளையல் கோப்பதில் உயிரை வைத்திருப்பவர் பத்திரிகை அச்சடிக்கப் போக வேண்டியதில்லை, வளைகாப்பு வீட்டைத் தேடிப் போகலாம். பிடித்ததைச் செய்வதில் தவறில்லை, அது யாருடைய எந்த நாளுக்கு உதவும் என்று சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், நகையை அடகு வைத்து, டி-ஷர்ட்டில் அச்சிடும் ஹீட் பிரஸ் இயந்திரம் வாங்கும் குடும்பங்கள். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு அரசும் வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் தரும் பயிற்சிகளில் சணல் பை தைக்கவும் கப் அச்சிடவும் அக்கறையோடு சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரே ஊரில் பலருக்கு ஒரே பொருளைக் கற்றுத்தந்துவிட்டு, யாரிடம் விற்பது என்பதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்துக்கு ‘மதி’ என்ற வணிகப் பெயரும் மாவட்டம்தோறும் பூமாலை வணிக வளாகங்களும் இருக்கின்றன, ஆனால் அவை மட்டும் போதாது. பயிற்சியின் முதல் வாரத்தை இயந்திரத்தின் முன்னால் செலவிடாமல், அந்தப் பெண்களைச் சுற்றியுள்ள மண்டபங்களுக்கும், சமையல் கான்ட்ராக்டரிடமும், பந்தல் போடுபவரிடமும், புகைப்படக்காரரிடமும் அனுப்ப வேண்டும். வரும் மூன்று மாதத்தில் அந்த வட்டாரத்தில் என்னென்ன விசேஷம், எத்தனை பேர் வருவார்கள், வருபவருக்கு என்ன கொடுக்கப்போகிறார்கள், போன தடவை கொடுத்ததில் எது பிடிக்கவில்லை என்று எழுதி வரட்டும். எந்த இயந்திரம் வாங்குவது, கடன் எவ்வளவு கேட்பது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.