அழும் தாய்க்குத் தாயத்தா?

இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பும் சகோதரரே! கைக்குழந்தையோடு பகலெல்லாம் தனித்திருந்த உங்கள் மனைவி அழுதால், ஜின் கோளாறு என்று தாயத்து வாங்க ஓடுகிறீர்கள். (தாயத்தே மார்க்கத்தில் கூடாது; அது தனிப் பேச்சு.) பிள்ளைப்பேற்றுக்குப் பின் வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு நோய்தான், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

நீண்ட நேரம் தொழ எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் (புகாரி). தொழுகையே சுருங்கியது, உங்கள் வியாபாரம் ஒரு மணி நேரம் சுருங்காதா?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களே, பணம் அனுப்பியதோடு கடமை முடியவில்லை! 2022இல் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணை வீட்டில் சொல்லிவையுங்கள். இரவிலும் பேசலாம்.

இன்றிரவு குழந்தை அழுதால் நீங்கள் எழுந்திருங்கள்.