வலிக்காத கொப்புளம்

வைகாசி விசாகத்துக்கும் கந்த சஷ்டிக்கும் திருச்செந்தூருக்கு நடந்தே வருபவர்களுக்குக் காலில் கொப்புளம் புதிதல்ல. அது வலிக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நெடுநாள் சர்க்கரை நரம்பை மரக்கச் செய்கிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாயையும் அடைக்கிறது. புண் வந்தது தெரியாது, தெரிந்த பின் ஆறாது. அதே சர்க்கரை கண்ணின் நுண்குழாய்களையும் கெடுக்கும்; சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் கெடுத்து, இதயத்தையும் வாட்டும். காலுக்கு மருந்து கட்டுபவர் கண்ணையும் சிறுநீரையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதுவே பெரிது, இதற்கு மேல் சோதனைகளுக்கு ஆளும் பணமும் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை போதும். சிறுநீரில் புரதம் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். சிறுநீரகம் செயலிழந்தபின் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்யும் செலவுக்கு முன் இது எம்மாத்திரம்? நேர்த்திக்கடனில் மருத்துவம் தலையிடலாமா என்பாரும் உண்டு. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. மரத்த காலோடு தார்ச்சாலையில் வெறுங்காலாக நடப்பதும், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சஷ்டி விரதத்துக்காக ஆறு நாள் பட்டினி கிடப்பதும் ஆபத்து என்று திருவிழா மருத்துவ முகாமிலேயே, காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லலாமே.