திறவுகோல் யார் கையில்?



நாடு விடுதலை பெற்றது 1947-இல். கல்வராயன் மலை விடுதலை பெற்றது எப்போது? 1976-இல்! மூன்று ஜாகீர்தார்களின் பிடியில், கூலியில்லா உழைப்பே வாழ்வென, இருபத்தொன்பது ஆண்டுகள் கூடுதலாகக் குனிந்து கிடந்தது அந்த மலை. சமவெளியில் கொடி பறந்தது. மலைமேல் சவுக்கு பறந்தது!

அத்தகைய மலைகளையும் விட்டுவிடாமல், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதே திட்டம் என்றனர். அதற்கென 2018-இல் தனி நிறுவனமும் கண்டனர். வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: இழை அறுந்தால் இணைப்பவன் எவன்?

மழையில் மண் சரிந்து இழை அறுபட்டால், நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவி ஊமையாகும். கள்ளக்குறிச்சியிலிருந்து ஆள் ஏறிவரும் வரையில், பையேந்திய தாய் வெள்ளிமலையில் காத்து நிற்பதா?

வேண்டாம்! மலையின் மகனும் மகளுமே அதைச் சீர்செய்யட்டும். அதற்கான கல்விதான் கணினி வலையமைப்பு நிருவாகம். மாயமோ மந்திரமோ அன்று அது! எட்டு வண்ணக் கம்பிகளை வரிசை பிறழாமல் செருகியில் அமர்த்துவது தொடக்கப் பாடம். கோமுகி அணையின் மதகு வாய்க்காலுக்கு நீரைத் திருப்புவதுபோல், செய்தியை உரிய வழியில் திருப்பும் ரௌட்டரை ஆள்வது அடுத்த பாடம். முகவரிக் கணக்கு இன்னொரு பாடம்: 32 இருமக் குறிகளால் அமைவது பழைய முகவரி முறை, ஏறத்தாழ 429 கோடிக்குமேல் அதில் இடமில்லை. உலக மக்கள் தொகைக்கே போதாததைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணக்கு அது. பஞ்சத்தில் பகிர்ந்துண்டு வாழ்ந்த மக்களுக்கா அது புரியாது?

“பட்டயந்தானே, பட்டமில்லையே” என்று உதடு பிதுக்குவோர் உளர். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான்; அந்த ஏளனத்தின் சூடு எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இதையே இரண்டாண்டு இணைப்பட்டமாகச் சமுதாயக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. அங்கே அது இழிவன்று. இங்கு மட்டும் இழிவோ?

“மலைப்பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா” என்பர் வேறு சிலர். அவன் பேசுவது தமிழ், தமிழில் கற்பியுங்கள்! கம்பிக்குள் ஓடும் மின்துடிப்புக்கு எந்த மொழியும் தாய்மொழியன்று.

2024 ஜூலையில் அம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. நீதிமன்றம் நினைவூட்டும் வரை அரசு உறங்கலாமா? வெள்ளிமலையில் பயிற்சிக்கூடம் வேண்டும். வெளியூரில் படிக்கச் செல்வோர்க்கு விடுதி வேண்டும். கற்றவர்க்கு அம்மலையின் வலையமைப்பைக் காக்கும் பணி வேண்டும்.

அதுவரை, தோழர்களே, நீங்கள் மலையேறுங்கள்! பத்தாம் வகுப்புத் தேறினால் மூன்றாண்டுப் பட்டயம். தொழிற்பயிற்சி முடித்தோர் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இச்செய்தியை வீடுதோறும் சொல்லுங்கள்.

நிலத்தின் பூட்டு 1976-இல் திறந்தது. அறிவின் பூட்டு இன்னும் தொங்குகிறது. இம்முறை திறவுகோல் மலைமக்கள் கையிலேயே இருக்கட்டும்!